மொட்டை மாடியில் சூரிய மின்சாரம்: போட்ட பணம் திரும்பி வருமா?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தைக் கண்டு பெருமூச்சு விடாத குடும்பம் இன்று அரிது. அந்தப் பெருமூச்சு அடங்குமுன்பே உறவினரோ, அண்டை வீட்டாரோ, வாசலுக்கே வந்து துண்டறிக்கை நீட்டும் விற்பனையாளரோ ஒரு வழி சொல்லிவிடுகிறார்: "மாடியில் சோலார் போட்டுவிடுங்கள், அதன்பிறகு கரண்ட் பில்லே வராது." உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கும். எழாவிட்டால் வரும் கோடையில் எழும். அப்போது ஆம் என்பதா, இல்லை என்பதா? இரண்டில் எதைச் சொல்வதற்கும் முன்னால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கிக் கணக்குப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் இக்கேள்வி சற்றுக் கனமாகவே வந்தது. இருபத்தாறு ஆண்டுகள் சபரில் உழைத்த என் மூத்த காக்கா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். இனி மாதச் சம்பளம் இல்லை. கையிலிருந்தது, வேலையிலிருந்து விடுபட்டபோது கிடைத்த தொகை மட்டுமே. அதைக்கொண்டு ஒரு கடை வைக்க எண்ணியிருந்தார். வந்த இரண்டாம் வாரமே ஒரு விற்பனையாளர் திண்ணையில் அமர்ந்துவிட்டார். ஐந்து கிலோவாட் பலகைகள், இரவுக்கும் மின்வெட்டுக்கும் பேட்டரிகள், எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தை நெருங்கும் மதிப்பீடு. "தம்பி, ஒரே தடவை செலவு. பிறகு ஆயுளுக்கும் நிம்மதி" என்றார் காக்கா. "ஈ.பி. கணக்கைப் பார்த்தீர்களா காக்கா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. விற்பனையாளரும் கேட்கவில்லை.

ஆகவே முதற்படி, கடந்த ஓராண்டின் ஆறு கட்டண விவரங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை யூனிட் செலவாயிற்று என்று எழுதுவதுதான். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். கோடையில் ஒரு கணக்கும் மழைக்காலத்தில் வேறொரு கணக்கும் இருக்கும். ஆறையும் கூட்டிச் சராசரி காணுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தமிழ்நாட்டில் மின்சாரத்தின் விலை எல்லார்க்கும் ஒன்றன்று. எல்லா யூனிட்டுக்கும் ஒன்றன்று. 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதப்படி, மொத்தச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4 ரூபாய் 80 காசு. 500 வரை 6 ரூபாய் 45 காசு. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற சலுகை விலை மறைந்து, 101-இலிருந்தே 4.80 கணக்காகிறது. மேலே போகப் போக 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கும் மேல் 11.80. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரியாக 500 யூனிட் செலவழித்தவர் 1,840 ரூபாய் கட்டுகிறார். 501 யூனிட் செலவழித்தவர் 2,093 ரூபாய் கட்டுகிறார். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 253 ரூபாய்! (கட்டணம் இடையிடையே திருத்தப்படுவதால், நீங்கள் கணக்கிடும் நாளில் உள்ள விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். முறை மாறாது.)

மாடியில் விளையும் மின்சாரம் உங்கள் கணக்கில் எந்த யூனிட்டைக் கழிக்கிறது? மின்வாரியம் பொருத்தும் இருவழி மீட்டர், நீங்கள் வாங்கியதிலிருந்து நீங்கள் கொடுத்ததைக் கழித்து, மீதிக்கே விலை போடுகிறது. அதாவது உச்சியிலுள்ள, விலை கூடிய யூனிட்டுகள்தாம் முதலில் கழிகின்றன. அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெருலாபம். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கோ, அரசு ஏற்கெனவே ஏறக்குறைய இனாமாகத் தருவதை இலட்சக்கணக்கில் செலவழித்து உற்பத்தி செய்வதாகும்.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் ஒரு கிலோவாட் பலகை, ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 என்று வைத்துக்கொள்ளலாம். விலை இடத்துக்கு இடம் வேறுபடும். கணக்குக்காக ஒரு கிலோவாட் 75,000, இரண்டு கிலோவாட் 1,40,000, மூன்று கிலோவாட் 2,00,000 ரூபாய் என்று கொள்வோம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தின்படி மத்திய அரசின் மானியம் முறையே 30,000, 60,000, 78,000 ரூபாய்.

முதல் வீடு, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் சிறு குடும்பம். கட்டணம் 235 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் அது முழுவதும் மிச்சம். ஆண்டுக்கு 1,410 ரூபாய். மானியம் போகக் கைக்காசு 45,000. திரும்பி வர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகும். பலகைக்கு உற்பத்தியாளர்கள் தரும் உறுதியோ வழக்கமாக இருபத்தைந்து ஆண்டுகள்தாம்! இந்த வீட்டுக்கு யார் வந்து எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், ஒரு குவளைத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் வீடு, 600 யூனிட். ஒரு குளிர்சாதனம், குளிர்பதனப் பெட்டி, கிணற்று மோட்டார் உள்ள குடும்பம். கட்டணம் 2,940 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும். மீதி 120 யூனிட்டுக்குக் கட்ட வேண்டியது 47 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 17,358. கைக்காசு 80,000. ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

மூன்றாம் வீடு, 1000 யூனிட். கட்டணம் 7,010 ரூபாய். மூன்று கிலோவாட் போட்டால் 619 ரூபாயாகக் குறையும். ஆண்டு மிச்சம் 38,000-க்கும் மேல். கைக்காசான 1,22,000 மூன்றேகால் ஆண்டுக்குள் திரும்பும். இந்த வீட்டார் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அது வீண் தாமதம்.

இக்கணக்கில் நான் சேர்க்காதவை சில உண்டு. கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் ஏதும் உங்கள் இணைப்புக்கு உண்டா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பலகையின் விளைச்சல் ஆண்டுக்கு அரை விழுக்காட்டை ஒட்டித் தேயும். நேர் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரைப் பத்தாம் ஆண்டையொட்டி ஒருமுறை மாற்ற நேரலாம். இவற்றைச் சேர்த்தாலும் 600 யூனிட் வீட்டின் விடை ஓராண்டு ஈராண்டு தள்ளிப்போகுமேயன்றித் தலைகீழாகாது.

ஆனால் அதே 600 யூனிட் வீட்டில் மூன்றாவது கிலோவாட்டைச் சேர்த்துப் பாருங்கள். அது மிச்சப்படுத்துவது அந்த 47 ரூபாயை மட்டுமே! கைக்காசு கூடுவதோ நாற்பத்திரண்டாயிரம். காக்காவுக்கு எழுதிக்கொடுத்த ஐந்து கிலோவாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்கலாம்" என்பார்கள். மிஞ்சியது அடுத்த கணக்குக்குச் செல்லும்; ஆனால் ஆண்டு முழுதும் மிஞ்சிக்கொண்டே இருந்தால், நீங்கள் வாங்கும் உச்ச விலை அதற்குக் கிடைக்காது. மேலும் மானியம் மூன்று கிலோவாட்டோடு நின்றுவிடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க முழுக்க உங்கள் பணம்.

காக்காவின் வீட்டில் இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. அங்கே இரண்டு மின் இணைப்புகள்: கீழ்த்தளத்துக்கு ஒன்று, மணமான மகள் குடியிருக்கும் மேல்தளத்துக்கு ஒன்று. கீழே சராசரி 600, மேலே 180. பலகை எந்த இணைப்போடு சேர்க்கப்படுகிறதோ அந்த இணைப்பின் கட்டணத்தைத்தான் குறைக்கும். 'வீட்டுக்கு எண்ணூறு யூனிட்' என்று கூட்டிச் சொல்லிக் கணக்குப் போட்டிருந்தார் விற்பனையாளர். நம் ஊர்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று இணைப்புகள் இருப்பது வழக்கம்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாருங்கள். கீழ்த்தள இணைப்பு, மறைந்த எங்கள் வாப்பாவின் பெயரிலேயே இருந்தது. மானியம் இணைப்புதாரரின் வங்கிக் கணக்குக்கு வருவது. எனவே முதலில் பெயர் மாற்றம். அதற்கு வாரிசுகள் அனைவரின் ஒப்புதல். எங்களுக்கு இதிலேயே இரண்டு மாதம் சென்றது. உங்கள் வீடும் அப்படியானால், பலகைக்கு முன்பணம் கொடுக்குமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மானியத்தைப் பற்றி ஒரு சொல். அது முன்னால் வருவதன்று. முழுத்தொகையையும் நாம் புரட்டி, பலகை பொருத்தி, மீட்டர் வைத்து, சோதனை முடிந்த பின்னரே வருவது. உள்நாட்டில் தயாரான பலகையாகவும், பதிவுபெற்ற நிறுவனம் பொருத்தியதாகவும் இருத்தல் வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப வங்கிகள் கடன் தருகின்றன. வட்டி குறைவு என்றும் சொல்கின்றன. வட்டி குறைவாயினும் வட்டியே என்று ஒதுங்கும் நம் குடும்பங்கள் என்ன செய்வது? குடும்பத்துக்குள் வட்டியில்லாத அழகிய கடனாகப் பெற்று, மானியம் வந்ததும் அடைப்பது ஒரு வழி. விலையை முதலிலேயே உறுதிசெய்து, தவணைக்காக ஒரு காசும் கூட்டாமல் மூன்று நான்கு தவணையில் வாங்கிக்கொள்ளும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். இரண்டும் இயலாதெனில் ஓராண்டு சேமித்துவிட்டுப் போடுவதில் குடிமுழுகிப் போவதில்லை. 2025 செப்டம்பரில் சூரிய மின்பலகைகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பொறுத்திருந்தவர்கள் அன்று இழக்கவில்லை.

இனி பேட்டரிக்கு வருவோம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்தவன்.

2012-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. உம்மாவுக்கு ஆஸ்துமா. இரவு இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கும். மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் கருவி மின்சாரம் இல்லாமல் மேசைமேல் சும்மா இருக்கும். பயத்தில், கேட்ட விலையைக் கொடுத்து நான்கு பேட்டரிகளும் பலகைகளும் வாங்கினேன். மூன்றாம் ஆண்டே இரண்டு பேட்டரிகள் சோர்ந்தன. ஐந்தாம் ஆண்டில் நான்கும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. விற்றவரைத் தேடிப்போனேன், கடை இருந்த இடத்தில் கைப்பேசி பழுதுபார்ப்பவர் இருந்தார். நெபுலைசருக்கு வேண்டியிருந்ததோ மிகச் சொற்பம். நூறு நூற்றைம்பது வாட், பத்து நிமிடம். ஒரே ஒரு பேட்டரி போதுமானதாயிருந்தது. அன்று அதை எனக்குச் சொல்ல ஆளில்லை. கேட்கும் நிதானமும் எனக்கில்லை.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: மானியத்தோடு வரும் சாதாரண மின்தொடர் இணைப்புப் பலகைகள், மின்வெட்டு ஏற்பட்டதும் தாமும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் வீடு இருளும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர்மேல் உங்கள் மாடியின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. "சோலார் போட்டும் கரண்ட் போகிறதே" என்று புலம்புவோர் இதை முன்பே அறியாதவர்கள். மின்வெட்டிலும் இயங்க வேண்டுமானால் அதற்கென்றே அமைந்த கலப்பு வகை இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

அடுத்து, 'பகலில் சேமித்து இரவில் பயன்படுத்தினால் மிச்சம்' என்னும் வாதம். நம் வீடுகளில் உள்ள 150 ஆம்பியர் பேட்டரியில், அதைக் கெடுத்துக்கொள்ளாமல் நாளும் எடுக்கக்கூடியது சுமார் ஒரு யூனிட். விலை 15,000 என்றும் ஆயுள் ஐந்தாண்டு என்றும் கொண்டாலும், அதன் வாழ்நாளில் தருவது 1,825 யூனிட். சேமித்து வைக்கும் கூலி மட்டுமே யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேலாகிறது. இருவழி மீட்டர் இருக்கும் வீட்டிலோ, பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். ரமளானில் சஹர் நேரத்துச் சமையலுக்கும் தராவீஹுக்குப் பிந்திய விழிப்புக்கும் செலவாகும் மின்சாரம், பகலில் நீங்கள் கொடுத்ததிலிருந்தே கழிந்துவிடும். அந்த வசதி இருக்கும்வரை, பணம் மிச்சப்படுத்துவதற்காக பேட்டரி வாங்குவது கைநட்டம். லித்தியம் வகை நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மையே. ஆயினும் முதல் செலவு அதிகம். இந்தக் கணக்கின் திசையை அதுவும் மாற்றுவதில்லை.

பேட்டரி ஒரு காவல். காவலுக்கு எவ்வளவு கூலி கொடுக்கலாம் என்பது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு மணி நேர மின்வெட்டுக்கு, மின்வாரியத்தின் மின்சாரத்திலேயே நிரம்பும் சாதாரண இன்வர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதும். பழைய விசிறிகள் இரண்டும் விளக்குகள் நான்கும் அதில் ஐந்து மணி நேரம் ஓடும். அந்த விசிறிகளை நீக்கிவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டுங்கள், அதே பேட்டரியில் பத்து மணி நேரம் ஓடும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட இது மலிவு. ஆனால் வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டும் கருவியில் ஒருவர் இருக்கிறார் என்றால் கதையே வேறு. அது 350 வாட் அளவில் இரவு பகலாக ஓடுவது. நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்கும் மேல். அங்கே சிக்கனம் பேசாதீர்கள். பெரிய பேட்டரியும் வேண்டும். கூடவே ஒரு நிறை சிலிண்டரும் வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கவலை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம் முதல் புதுக்கோட்டை வரை மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. அதிராம்பட்டினத்தில் என் தங்கை வீட்டில் பத்து நாட்களுக்கும் மேலாக மின்சாரம் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் மச்சானுக்காக வைத்திருந்த இன்சுலின் வீணாயிற்று. இத்தகைய நாட்களில் மின்வாரியத்தை நம்பி நிரம்பும் பேட்டரி இரண்டாம் நாளே கைவிரித்துவிடும். தனியே ஒரு பலகை, ஒரு சிறு பேட்டரி, இரண்டு விளக்கு, ஒரு விசிறி, கைப்பேசிக்கு ஒரு இணைப்பு. இவ்வளவுதான் வேண்டும். இதை மானியப் பலகையோடு குழப்பாமல் தனியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மாடியையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி, நிழலற்ற இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை, பள்ளிவாசல் மினாரா இவற்றின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கே விழுகிறதென்று குறியுங்கள். பலகைகள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒன்றின்மேல் விழும் நிழல் மற்றவற்றின் விளைச்சலையும் இழுத்துவிடும். 2012-இல் நான் வாங்கியவை தொட்டியின் நிழலில்தான் பாதி நாள் உறங்கின. பலகை தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஊரானால், தாங்கும் சட்டம் நன்கு துத்தநாகப் பூச்சு ஏற்றியதாகவும் திருகாணிகள் துருவேறா எஃகாகவும் இருக்கட்டும். நில இணைப்பும் இடிதாங்கியும் மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பலகைகளின் வரிசை எண்களோடு பில் வாங்குங்கள். மீட்டர் மாட்டப்படும்வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வையுங்கள்.

காக்கா இறுதியில் கீழ்த்தள இணைப்புக்கு இரண்டு கிலோவாட் போட்டார். பெரிய பேட்டரிகள் இல்லை. உம்மாவின் அறைக்கு வீட்டிலிருந்த பழைய இன்வர்ட்டருக்கு ஒரு புதிய பேட்டரியும், இரண்டு பி.எல்.டி.சி. விசிறிகளும். பலகைகளின் கீழே ஆள் நடமாடும் உயரத்துக்குச் சட்டம் அமைத்ததில் சில ஆயிரங்கள் கூடின. எல்லாம் சேர்ந்து ஒன்றேமுக்கால் லட்சத்துக்குள் முடிந்தது. அதில் அறுபதாயிரம் மானியமாகத் திரும்பி வந்தது. மீதித் தொகையில் பேருந்து நிலையத்தருகே மளிகைக் கடையைத் திறந்துவிட்டார். அந்த ஐந்து லட்சம் மாடிக்கு ஏறியிருந்தால் கடைக்குச் சரக்கு இருந்திராது.

மழைக்காலக் கணக்கில் கட்டணம் சற்று வந்தது. ஐப்பசி, கார்த்திகை மேகங்களில் விளைச்சல் குறைவது இயல்பே. வாரம் ஒருமுறை பஜ்ருத் தொழுகை முடித்து வந்து, வெயில் ஏறுமுன் பலகைகளைக் கழுவும் வேலையைக் காக்கா தாமே செய்கிறார். உம்மாவுக்குத்தான் மனக்குறை. பலகைக்கடியில் மோர்மிளகாய் காயவில்லையாம். கீழைமூலையில் ஒரு பாய் அளவுக்கு இடத்தை அவருக்கென்று விட்டுக் கொடுத்திருக்கிறோம்.